செவிலிமேடு டு வியன்னா

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டே காட்சிகள்தான் மனதில் ஓடும். ஒன்று, மீனம்பாக்கத்தில் ட்ராலி தள்ளிக்கொண்டு டாட்டா காட்டும் பையன். இரண்டு, பேங்க் மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பா. இந்த இரண்டுக்கும் நடுவில் 'எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. இங்கே எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரே ஒரு செமஸ்டரை மட்டும் வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு, சமர்த்தாகத் திரும்பி வந்து, இங்கேயே பட்டம் வாங்குவது. மாமியார் வீட்டு விருந்து மாதிரி. போகலாம், சாப்பிடலாம். டேரா போட முடியாது.

இந்த ஞானமெல்லாம் எனக்கு அக்கா பையன் மூலமாக வந்தது. அக்கா குடும்பம் காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில். அக்கா வீட்டுக்காரர் பட்டு நெசவு. அவரை நான் மாமா என்பேன். பையன் என்னை மாமா என்பான். அந்த வீட்டில் 'மாமா' என்று யாராவது குரல் கொடுத்தால் இரண்டு பேர் திரும்புவோம். பையனுக்கு அவன் கல்லூரியில் வியன்னாவுக்குப் போக இடம் கிடைத்தது. "மாமா, நீங்கதான் பி.காமாச்சே... அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிப் புரிய வைங்க" என்று போன் செய்தான். பி.காம். படித்தவனுக்கு உத்தியோகம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த மாதிரி வேலை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

படிப்புக்காக ஊர் விட்டு ஊர் போவது காஞ்சிக்குப் புதிதா என்ன? நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞர் இன்றைய கர்நாடகத்தின் தாளகுந்தாவிலிருந்து குருவோடு இங்கே வந்தார். கடிகை என்னும் கல்விச்சாலையில் படிக்கத்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாளை எடுத்தவர், கதம்ப ராஜ்யத்தையே ஸ்தாபித்துவிட்டார் என்கிறது தாளகுந்தா கல்வெட்டு. செமஸ்டரை முடிக்காமலே இவ்வளவு நல்ல பிளேஸ்மெண்ட் வாங்கியவர் சரித்திரத்தில் வேறு யாராவது உண்டா, தெரிந்தால் சொல்லுங்கள்!

அக்காவுக்குத் தெரிந்த சரித்திரம் வேறு. செவிலிமேட்டிலேயே சாலைக்கிணறு இருக்கிறது. குரு யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை புறப்பட்ட ராமானுஜர், கூட வந்தவர்களாலேயே தம் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து, விந்தியக் காட்டில் தனியாகப் பிரிந்தார். ஒரு வேடுவத் தம்பதி துணைக்கு வந்தார்கள். பொழுது விடிந்து பார்த்தால் காஞ்சி! தாகம் என்றவர்களுக்கு அவர் தண்ணீர் மொண்டு கொடுத்த கிணறு இதுதான் என்பது ஐதீகம். அக்கா இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போன வாத்தியாரே அப்படிப் பண்ணாரு. இவனைக் கூட்டிட்டுப் போக வாத்தியாரும் இல்லையே!"

நான் கணக்கை எடுத்தேன்.

பையன் போக வேண்டியது வியன்னா பொருளாதார வணிகப் பல்கலைக்கழகம். 1898-ல் ஏற்றுமதி வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் அகாடமியாக ஆரம்பித்தது. 2013-ல் பிராட்டர் பூங்காவை ஒட்டிப் புதிய வளாகத்துக்குக் குடி போனது. அங்கே நூலகக் கட்டடம் ஜாஹா ஹதீத் வடிவமைத்தது. பையன் போட்டோ காட்டினான். கப்பல் ஒன்று சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. மாமா பார்த்துவிட்டு, "ஒழுகாதில்ல?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எக்ஸ்சேஞ்சில் முதல் நல்ல செய்தி: வழக்கமாக அந்த ஊர் ஃபீஸ் கிடையாது. இங்கே கட்டுகிற ஃபீஸே போதும். அவர்கள் பையன் இங்கே வருவான், நம் பையன் அங்கே போவான், கணக்கு நேர். "அட, பண்டமாற்று!" என்றார் மாமா. கெட்ட செய்தி: சோறும் கூரையும் நம் செலவு. மாதம் 1,000 யூரோ, ஐந்து மாதம், யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 5 லட்சம். விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், கம்பளிக் கோட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். ஆக 6.5 லட்சம். பையனிடம் கோடை இன்டர்ன்ஷிப்பில் சேர்த்தது 1.2 லட்சம். மாமாவிடம் 3 லட்சம்.

அந்த 3 லட்சத்துக்கு ஒரு பெயர் இருந்தது. 'தறி ரூம் தரை.'

மாமாவுடையது குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதற்குத் தரையில் பள்ளம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். பாலாறு பக்கத்தில்தானே! தண்ணீர் ஊறினால் நெசவு நிற்கும். நெசவு நின்றால் கூலி நிற்கும். தரையை உயர்த்திக் கட்டத்தான் வருஷக்கணக்கில் சேர்த்த பணம் அது. வியன்னாவில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் ஜனவரி வரை. அதாவது, பையன் அங்கே பனியில் நடக்கிற அதே மாதங்களில் அப்பா இங்கே வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்.

யாரும் பேசவில்லை. பையன்தான், "வேணாம்பா, விட்டுடலாம்" என்றான். மாமா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "மச்சான், அங்க படிச்சது இங்க செல்லுமா?"

இதுதான் சார் கேள்வி! வியன்னா எப்படி இருக்கும், குளிருமா, தயிர் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்டார்கள். இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஐரோப்பாவில் இதே தலைவலி அவர்களுக்குள்ளேயே இருந்தது. 1987-ல் எராஸ்மஸ் திட்டத்தை ஆரம்பித்து 11 நாடுகளுக்குள் 3,244 மாணவர்களை மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு நாட்டு மார்க்கை இன்னொரு நாடு எப்படி ஏற்பது? அதற்காகப் பொது அளவுகோல் வைத்தார்கள். ஈ.சி.டி.எஸ். என்று பெயர். வருஷத்துக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் அதில் சேர்த்தி. நம் ஊரிலோ வகுப்பில் உட்கார்ந்த நேரத்தை வைத்துக் கிரெடிட் எண்ணுகிற பழக்கம் இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. இரண்டும் முழம், மீட்டர் மாதிரி. மாற்றிச் சொல்ல ஒருத்தர் வேண்டும். அதற்குத்தான் புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் போடுவார்கள்: 'அங்கே இந்தப் பாடம் படித்தால் இங்கே இந்தப் பாடத்துக்குச் சமம்' என்று மாணவன், இந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரி மூன்று தரப்பும் கையெழுத்திடுகிற தாள்.

பையனின் சீனியர் ஒருத்தன் இந்தத் தாளை அலட்சியமாக விட்டுவிட்டுப் போனானாம். திரும்பி வந்ததும் இரண்டு பாடம் செல்லாது என்றார்கள். நண்பர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு இவன் ஜூனியர்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினான்.

இதை விளக்க நான் தடுமாறிக்கொண்டிருக்க, மாமா சட்டென்று, "பிட்னி!" என்றார்.

பட்டுப்புடவையில் முந்தானை வேறு கலர் என்றால் அந்தப் பாவை உடல் பாவோடு இழைக்கு இழை சேர்ப்பார்கள். அதுதான் பிட்னி. சேர்த்த இடம் சரியாக இருந்தால் முந்தானை புடவைக்கு அழகு. சரியில்லை என்றால், எவ்வளவு ஜரிகை போட்டிருந்தாலும் அது தனித் துண்டு. "முந்தானை நல்லா இருக்குதான்னு அப்புறம் பார்க்கலாம். பிட்னி யார் போடறாங்க, அதைக் கேளு" என்றார் மகனிடம்.

மூன்று வருஷம் காமர்ஸ் படித்த எனக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்ததில்லை.

அன்றைக்கே லிஸ்ட் போட்டோம். அங்கே எடுக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எது சமம், மாற்றுப் பாடங்கள் இரண்டு, மார்க் இங்கே எப்படிப் பதிவாகும்? எல்லாம் எழுத்தில். டிசம்பரில் கேம்பஸ் இன்டர்வியூ ஆரம்பித்துவிடும், பையன் ஜனவரி கடைசி வரை அங்கே. வீடியோவில் இன்டர்வியூ உண்டா? அதுவும் எழுத்தில். ஆஸ்திரியாவில் மூன்று மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் தங்க 'டி' விசா. அதற்குக் கையிருப்பும் இன்ஷூரன்ஸும் தங்குமிடமும் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பாலும் பிரெட்டும் சனிக்கிழமையே வாங்கு. இந்தக் கடைசி வரி அக்கா சேர்க்கச் சொன்னது.

ஒரு வாரம் கழித்து பையன் கையெழுத்தான தாளோடு வந்தான். ஐந்து பாடத்தில் நான்கை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதை மாற்றச் சொல்லியிருந்தார்கள். முதல் கட்ட இன்டர்வியூ வீடியோவில் உண்டு என்று தனியாக ஒரு கடிதம். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரையை மட்டும் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனால் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்று பார்க்கத் தெரியும்.

"தரை ஒரு மழை தாங்கும்" என்றார். மீதி 2.3 லட்சத்துக்கு பையன் ஏற்கெனவே வாங்கியிருக்கும் கல்விக் கடனில் கூடுதல் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். முதல் சம்பளத்தில் தரை என்று பையன் சொன்னான். மாமா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தறிக்குள் காலை இறக்கி, விட்ட இடத்தில் ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டிலும் தம்பியோ, அத்தை மகனோ, இல்லை ஆபீஸில் லீவு போட்டு எம்.பி.ஏ. படிக்கிற நீங்களேவோ இப்படி ஒரு செமஸ்டருக்குக் கிளம்பலாம். தாராளமாகப் போங்கள். ராட்சத ராட்டினத்தில் ஏறுங்கள், 1897-லிருந்து அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் காலேஜ் ஆபீசுக்குப் போய் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் போகிற செலவில் யார் வீட்டிலோ ஒரு தரை உயராமல் காத்துக்கொண்டிருக்கிறது.