ஆயாக் கொட்டகைக்குப் பிறகு

பிள்ளைகளே, உங்கள் குடும்பத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தை ஒன்று இருந்தால், என்றாவது ஒரு நாள் உறவுக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எங்காவது ஹோமில் விட்டுவிடலாமே" என்பார். இன்னொருவர் உடனே, "பெற்ற வயிறு கேட்குமா?" என்பார். இருவருமே அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை சோறு ஊட்டியிருக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சு கிடக்கட்டும். மலேசியாவின் பேராக்கில் வாழ்ந்து நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதில் பாவம் ஏதுமில்லை. சேர்த்துவிட்டு வராமல் போவதில்தான் பாவம் இருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தாய் தகப்பன் பால்வெட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடப்பார்கள். நடக்க முடியாத பிள்ளைக்கும் அதுவே இடம். கூடப் பிறந்தவர்கள் பள்ளிக்கூடம் போவார்கள். எட்டு வயதான இவன் மட்டும் தொட்டில் குழந்தைகளோடு பாயில் கிடப்பான். ஆயாவுக்குப் பொறுமை உண்டு, பயிற்சி கிடையாது. பழைய காலம் என்பதற்காக அதைப் பொற்காலமாக்க மாட்டேன். வயிறு காயாமல் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் கற்றுத்தரவில்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. பிள்ளை முரண்டு பிடித்தால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டல் வேறு. 1911இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள். நம் ஜனங்கள் ஊரின் பெயரையே வசவாக்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில்தான், 1966இல், ஹூத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் லுத்தரன் திருச்சபையார் பெத்தானி இல்லத்தைத் தொடங்கினார்கள். வலிப்பு நோயாளிகளைப் பேய் பிடித்தவர்கள் என்று ஊர் ஒதுக்கிய நாளில், தோட்டப்புறத்திலேயே அவர்களுக்கென்று ஓர் இல்லம். வலிப்புக்காரருக்கு வேளை தவறாத மாத்திரை பாதி வைத்தியம். விடியுமுன்னே வேலைக்கு ஓடுகிற குடும்பத்தால் அந்த வேளையைக் காக்க முடியவில்லை என்றால், அதைப் பாசக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆயாவிடம் இல்லாத பயிற்சி எப்படிப்பட்டது என்று பின்னாளில் கண்டேன். ஈப்போவில் ஒரு சிறப்பு வகுப்பில், பையன் ஒருவனுக்குச் சட்டைப் பித்தான் போடக் கற்றுத்தருவதைக் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியை எல்லாப் பித்தான்களையும் தாமே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் துளையில் பாதி நுழைத்து நிறுத்திக்கொள்வார். மிச்சத்தைப் பையன் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் அன்றைய பாடம். அது கைவந்த பிறகு கடைசிப் பித்தானை நுழைப்பதும் அவன் பொறுப்பு. பிறகு அதற்கு மேலுள்ள பித்தான். ஒரு சட்டையைப் போட்டுக்கொள்ள மாதக்கணக்காகும். நமக்குக் கைதட்டத் தோன்றும். ஆசிரியை தட்டவில்லை, அடுத்த பித்தானைப் பாதி நுழைத்து நிறுத்தினார். பொறுமை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது இந்த வேலையைத்தான்.

தானே சட்டை போடத் தெரிவது சின்ன விஷயமன்று. 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகளின்படி, பிறர் உதவியில்லாமல் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளை என்று குழு ஒன்று உறுதிசெய்தால்தான் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்தது. கழிவறைக்குத் தனியே போகத் தெரியாதவனுக்குக் கல்வியும் கிடைக்கவில்லை. 2019இல்தான் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு கொண்டுவந்தது. இடையில் வளர்ந்த தலைமுறை வீட்டிலேயே உட்கார்ந்திருந்து நரைத்துவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம்மவர்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். லயத்து வாசலில் எல்லார் கண்ணிலும் பட்ட பிள்ளை, இப்போது இரும்புக் கிராதிக்குப் பின்னால். தாய் ஃபேக்டரிக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அவளைக் குறை சொல்வோர், மாற்றாக ஒரு மணி நேரம் உட்கார முன்வந்து நான் பார்த்ததில்லை. அக்காளைப் பெண் பார்க்க வரும் நாளில் தம்பியைச் சித்தி வீட்டுக்குக் கடத்திய குடும்பமும் எனக்குத் தெரியும். கல்யாணம் நடந்தது. தம்பி இருப்பது தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டது பிள்ளையின் குறைக்காக அல்ல, மறைத்ததற்காக. உங்களுக்குக் கல்யாணம் பேசும்போது தம்பியைக் கூடத்திலேயே உட்காரவையுங்கள். அதற்குப் பின்வாங்குகிற வீடு, பின்னால் வேறொன்றுக்கும் பின்வாங்கும்.

முழுநேர இல்லத்துக்கு முன் வேறு கதவுகளும் உண்டு. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம், பிடிகே என்ற பெயரில் இன்று நாடெங்கும் நடக்கிறது. பகலில் பயிற்சி, மாலையில் வீடு. சமூகநல இலாகாவில் பதிந்து, மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு அட்டை எடுங்கள். அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகும் என்று தயங்கி, பெற வேண்டியதை இழந்த பெற்றோர் நம்மிடையே அதிகம்.

எல்லாம் பார்த்த பிறகும் இல்லம்தான் வழி என்றால், நேரில் போங்கள். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவான இடமா என்று சான்றிதழைப் பாருங்கள். இரவில் யார் விழித்திருப்பார், மாத்திரை கொடுத்ததை எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நின்றால் உள்ளே விடுவார்களா என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் பங்குக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். சோறு, வலிக்குது, வெளிய என்று பிள்ளைக்குத் தெரிந்த சொற்களையும், அவற்றை அவன் எப்படி உச்சரிப்பான் என்பதையும் மலாயில் விளக்கி எழுதுங்கள். தண்ணீரை "ம்மா" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தாயைத் தேடி அழுகிறான் என்றெண்ணி, தாகத்தோடேயே தூங்க வைத்துவிடுவார்கள்.