தலையில் ஏறியவை

பழம்பொருள்களைச் சேர்ப்பவரில் இருவகையினர் உண்டு. விலைமதிப்பறிந்து சேர்ப்போர் ஒருவகை. வீணாகிப் போவதைப் பார்க்கப் பொறாமல் சேர்ப்போர் மறுவகை. நாம் இரண்டாம் வகை. பணியாற்றிய பங்குகளில் திருவுடை அலமாரிகளின் அடித்தட்டிலும், பங்கு இல்லப் பரண்களிலும் கேட்பாரற்றுக் கிடந்தவற்றை, அங்குள்ளோர் இசைவோடு எடுத்துத் தூசு தட்டி வைத்ததில் இன்று ஒரு மரப்பெட்டி நிறைந்திருக்கிறது. குருக்கள் அணிந்த கறுப்புப் பிரெட்டாத் தொப்பிகள் மூன்று. சங்கிலி கோத்த சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று. வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்று. மறைப்பணியாளர்கள் அணிந்த சோலாத் தொப்பிகள் இரண்டு.

கோடையில் கிளைப்பங்குகளுக்கு நடந்து செல்லும்போது அச்சோலாத் தொப்பிகளில் ஒன்றை நாம் அணிவதுண்டு. சிறுவர்கள் கண்டு சிரிப்பர். ஆயினும் வெயிலுக்கு அதனினும் நல்ல துணை இல்லை. குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டிலுள்ள வெண்மையான மென்பகுதியால் செய்யப்பட்டது அது. தஞ்சைக் கைவினைஞர்கள் பெரிய கோயிலைச் சிறு உருவாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். பூப்போன்ற எடை, வெப்பத்தை உள்ளே விடாத தன்மை. இறைவன் குளத்திலே வளர்த்ததை மனிதன் குடையாக்கிக் கொண்டான்.

ஆனால் எந்தத் தொப்பிக்கும் தொழில் இரண்டு. ஒன்று, தலைக்கு நிழல் தருவது. மற்றொன்று, தலையை உயர்த்திக் காட்டுவது. முன்னதற்காகப் பிறந்த தொப்பி பின்னதற்காக வளர்ந்துவிடுவதைத் திருச்சபையின் வரலாற்றிலேயே காணலாம்.

கர்தினால்களின் சிவப்புத் தொப்பியை எண்ணிப் பார்ப்போம். அகன்ற விளிம்பும், தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளக் கயிறும் உடைய அது, வடிவத்தால் வழிப்பயணிகளின் வெயில் தொப்பியே. 1245ஆம் ஆண்டு லியோன் பொதுச்சங்கத்தின்போது திருத்தந்தை நான்காம் இன்னொசெந்து கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை வழங்கினார். அன்றுமுதல் அது பதவியின் அடையாளமாயிற்று. காலப்போக்கில் அணிவதே அரிதாகி, சடங்கில் ஒருமுறை தலைமேல் பிடிக்கப்படும் பொருளாயிற்று. கர்தினால் இறந்தபின் அதனை அவருடைய பேராலய விதானத்தில் தொங்கவிடும் வழக்கம் எழுந்தது. நியூயார்க் நகரின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவ்வாறு தொங்கும் தொப்பிகளை இன்றும் காணலாம். இற்று உதிரும்வரை அவை அங்கேயே இருக்கும். மண்ணுலக மகிமையும் இவ்வாறே உதிரும் என்பது அவற்றின் மறையுரை. 1969ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் அத்தொப்பி வழங்குவது நிறுத்தப்பட்டது. ஆனாலும் நம் ஆயர்களின் இலச்சினைகளைப் பாருங்கள்: பக்கத்திற்கு ஆறு குஞ்சங்களோடு பச்சைத் தொப்பி ஒன்று மேலே இருக்கும். தலையிலிருந்து இறங்கியும் தாளிலிருந்து இறங்கவில்லை.

அதே ஆறாம் பவுல், 1964ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், தமக்கு மிலான் மக்கள் அளித்திருந்த மும்முடியைப் புனித பேதுரு பேராலயப் பீடத்தின்மீது வைத்தார். ஏழைகளுக்கென அதனை அவர் கையளித்தார். மூன்று வாரங்கள் கழியுமுன் பம்பாயில் நற்கருணை மாநாட்டிற்கு வந்து நம் நாட்டு ஏழைகளைச் சந்தித்தார். அவருக்குப்பின் வந்த எவரும் முடிசூடிக்கொள்ளவில்லை. அந்த முடி இன்று வாஷிங்டனில் உள்ள அமல அன்னை தேசியத் திருத்தலத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது.

நம் மண்ணிலும் தலையணிக்கு ஒரு கதை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நோபிலி ஐரோப்பிய உடையைக் களைந்து காவி உடுத்தார். நாம் படங்களில் காணும் வீரமாமுனிவர் தலைப்பாகையோடுதான் காட்சி தருகிறார். இவற்றைப் பண்பாட்டு மயமாதல் என்று குருமடத்தில் கற்றோம், உண்மையே. ஆனால் அதே மதுரை மறைப்பணித்தளத்தில், மேற்சாதியினருக்கு ஒருவகைத் துறவியரும், 1640 முதல் ஏனையோருக்குப் பண்டாரச் சாமிகள் என்னும் வேறொருவகைத் துறவியரும் இருந்தனர் என்பதும் உண்மை. நற்செய்தி ஒன்று, அதைச் சுமந்த உடைகளோ இரண்டு.

இதன் பொருளை நூல்களைவிட ஒரு பெரியவரே நமக்கு நன்றாக விளக்கினார். ஒரு பங்கில் திருவிழாவை முன்னிட்டு இளைஞர்கள் பழம்பொருள் கண்காட்சி அமைத்தபோது நம் பெட்டியையும் கேட்டு வாங்கினார்கள். சோலாத் தொப்பியை ஒவ்வொருவராக அணிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்காக அக்கோயிலின் மணியை அடித்துவந்த பெரியவரிடமும் நீட்டினார்கள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அணியாமல் மேசைமேல் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டோம்.

“தொப்பி நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா எங்கப்பா தோள்ல துண்டு போட்டு இந்தத் தெருவுல நடந்ததில்ல. பெரிய வீட்டு ஆளுங்க எதிர வந்தா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஒதுங்கி நிப்பாரு. பூசைக்கு வரும்போதும் அப்படித்தான். இந்தத் தொப்பி போட்ட சாமிங்களும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் போனாங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், மணியடிக்க நேரமாயிற்று என்று எழுந்து போனார். மறுநாள் காலை அவ்விளைஞர்கள், பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, தொப்பியின் அருகே மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்து, அவர் சொன்னதை அட்டையில் எழுதியிருந்தார்கள். அக்கண்காட்சியில் மக்கள் நெடுநேரம் நின்ற இடம் அதுவே.

பழைய தொப்பியை விரும்புவோர் இன்று பெருகி வருகின்றனர். இளங்குருக்கள் சிலரும் பிரெட்டாவைத் தேடி வாங்குகின்றனர். அவர்களை நாம் குறைகூறோம். முன்னோர் கைபட்டதைப் போற்றுவது நன்றியின் ஒரு வகை. கைத்தையலின் நேர்த்தியில் உழைத்தவனின் செபமும் கலந்திருக்கும். ஆனால் அணியுமுன் ஒரு வினாவை எழுப்புவது நலம்: இது யாருக்கு நிழல் தந்தது? இதன் முன்னே யார் தலை குனிந்து நின்றார்கள்? முதல் வினாவோடு நின்றுவிடும் நினைவு பாதி நினைவே. அது ஏக்கமாக முடியும், மனமாற்றமாக மலராது.

நம் ஆண்டவரின் தலையில் மனிதர் வைத்தவை இரண்டு. பகைவர் வைத்தது முள்முடி. அன்பர் சுற்றியது கல்லறைத் துணி. உயிர்ப்பின் காலையில் அத்துணி எறியப்பட்டுக் கிடக்கவில்லை. தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததென யோவான் நற்செய்தி சான்று பகர்கிறது. பழையதை இகழ்ந்து எறியவும் வேண்டாம். உயிர்த்தபின்னும் அதையே சுற்றிக்கொண்டு திரியவும் வேண்டாம். உரிய இடத்தில் மதிப்போடு வைத்துவிட்டு, வெறுந்தலையோடு சகோதரனைச் சந்திக்க வெளியே வருவதே உயிர்ப்பின் மக்களுக்கு அழகு.

நாம் இன்றும் வெயிலில் நெட்டித் தொப்பி அணிகிறோம். எவர் வீட்டு வாசலிலும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைகிறோம். இல்லத்தார் தோளில் துண்டோடு எதிர்கொண்டு வரவேற்கும்போது, அத்தொப்பிக்கு உரிய இடம் நம் கையே என்று உணர்கிறோம்.