ஹோவர்ட் வீதியில் ஒரு மாநாட்டு மண்டபம்

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் வருகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தின் அழகைச் சொல்லி மாளமாட்டார்கள். வாசக அன்பர்களே, உங்கள் பிள்ளை கணினி படிப்பவனானால் அவன் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஹோவர்ட் வீதியும் நான்காம் வீதியும் சேரும் முனையில் கண்ணாடி முகப்போடு நிற்கும் மாஸ்கோனி வெஸ்ட் மண்டபமே அது. 1978-இல் சுட்டுக் கொல்லப்பட்ட நகரத் தலைவர் ஜார்ஜ் மாஸ்கோனியின் பெயர் தாங்கிய மாநாட்டு மையத்தின் இந்தப் பகுதி 2003-இல் திறக்கப்பட்டது.

கணினி நிரல் எழுதுவோருக்காகக் கூகுள் நிறுவனம் நடத்தும் ஆண்டு மாநாடு 2008 முதல் 2015 வரை இம்மண்டபத்தில்தான் கூடியது. 2012-இல் நுழைவுச் சீட்டு 900 அமெரிக்க வெள்ளி. அதுவும் இருபதே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது!

அப்படி அங்கே என்னதான் கற்கிறார்கள்? இணையத்தில் இயங்கும் செயலி ஒன்றை நடத்த, முன்பெல்லாம் அதற்கென்று தனிக் கணினி வேண்டும். இரவு பகலாக அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். 2008 ஏப்ரலில் கூகுள் 'ஆப் எஞ்சின்' என்ற தளத்தை அறிவித்தது. நிரலை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். கணினியும் பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. 500 மெகாபைட் சேமிப்பிடம் அப்போது இலவசம். அடுத்த மாதமே கூடிய முதல் மாநாட்டில் இத்தளம் முக்கியப் பாடமாயிற்று. தளத்தை உருவாக்கியவர்களே மேடையேறி விளக்குவார்கள். நடைவழியில் அவர்களை நிறுத்திச் சந்தேகம் கேட்கலாம்.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிய கதையல்ல. லயத்து வீடும் தண்ணீரும் நிர்வாகம் கொடுத்தது. தோட்டம் கைமாறிய நாளில் வீடும் போயிற்று. இணையத் தளமும் அப்படித்தான். தொடக்கத்தில் ஆப் எஞ்சினில் தரவுகளை அடுக்கும் முறை அதற்கே உரியதாக இருந்தது. வேறிடம் போவதென்றால் நிரலைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2011-இல் கட்டண முறை மாறியபோது பலருக்குச் செலவு எகிறியது. பேஸ்புக் 2013-இல் வாங்கிய 'பார்ஸ்' என்ற தளம் 2017 ஜனவரியில் மூடியே போயிற்று. ஓராண்டு முன்னறிவிப்பும் கொடுத்து, நிரலையும் பொதுவில் விட்டதால் பலர் வேறிடம் மாறிப் பிழைத்தார்கள்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்து எதிர்ப்புறம் பாருங்கள். அங்கே நிற்பது வுல்ஃப் இல்லம். இந்த மாநாட்டு மையம் எழுவதற்கு முன் இவ்வட்டாரத்தில் மலிவு வாடகை அறைகளில் வாழ்ந்தவர்கள், ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளர்களும் கூலிக்காரர்களும். நகர நிர்வாகம் அவர்களை அப்புறப்படுத்த முனைந்தபோது, 1969-இல் ஜார்ஜ் வுல்ஃப் என்ற முதிய தொழிற்சங்கவாதியின் தலைமையில் ஒன்றுதிரண்டு நீதிமன்றம் ஏறினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 1979-இல் எழுந்த வீடுகளே இவை.

நம் நாட்டிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. கணினி உலகிலும் அப்படிக் கூட்டுச் சொத்து உண்டு. பைத்தான் மொழியும், 2005-இல் வெளியான ஜாங்கோ கட்டமைப்பும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. அவற்றைக் கற்றவன் எந்தத் தளத்துக்கும் கைத்தொழிலோடு போகலாம்.

ஆகவே பெற்றோர்களே, 900 வெள்ளிக்கு வழியில்லையே என்று மலைக்க வேண்டாம். இத்தகைய மாநாடுகளின் உரைகள் பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே பிள்ளை பார்க்கட்டும். எந்தத் தளத்தில் சேருமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: நாளை கட்டணம் எவ்வளவு? என் தரவுகளை நான் எடுத்துச் செல்ல முடியுமா? கடையை மூடினால் எத்தனை நாள் தவணை? படித்தவர் பலர் கேட்க மறக்கும் கேள்விகள் இவை. வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளை மறக்கக் கூடாது.