பென்சில் தொட்ட முகங்கள்

பெட்டியின் மூடியைத் திறந்ததும் காடி நெடி குப்பென்று அடித்தது. குனிந்து முகர்ந்து பார்த்த மாணவி, "இத தனியா வைக்கணும் அங்கிள். மத்ததோட கெடந்தா அதுங்களயும் கெடுத்துரும்" என்றாள்.

ஸ்டூடியோக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் தகப்பனார் தொடங்கிய கடையை மூடப்போகிறார். அதற்குள் அலமாரிகளில் அடைந்துகிடக்கும் நெகட்டிவ்களைப் படியெடுத்துவிடும் வேலையை, பல்கலைக்கழகத்தில் புகைப்படம் படிக்கும் நான்கு பேர் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

காடி நெடி வருவது அசிட்டேட் பிலிமிலிருந்து. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பிலிமின் அடிப்படலம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். பிலிம் சுருங்கும், மேலே உள்ள ஜெலட்டின் படலம் வரிவரியாக எழும்பும், படம் போய்விடும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஜொகூரில், குளிரூட்டி இல்லாத மாடியறையில், இத்தனை நெகட்டிவ்கள் பிழைத்திருப்பதே பெரிது. பூஞ்சை பிடித்தவற்றை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, ஜெலட்டின் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று ஒரு மாணவன் எனக்கு விளக்கினான். முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்களாம்.

"கேமரா பிடிக்க எதுக்குப் பட்டம்?" என்று இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் படமெடுத்து நன்றாகவே சம்பாதிக்கும் எத்தனையோ பேர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்; கேள்வி நியாயமானதுதான். வழியும் குறுகல். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலைக்குத் தனிப் பட்டப்படிப்பே உண்டு. ஆனால் அது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. தமிழ்ப் பிள்ளைகள் தனியார் பல்கலைக்கழகங்களைத் தேட வேண்டும். ஜொகூரிலேயே படிக்க விரும்பினால், இஸ்கந்தர் புத்ரியில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் நடத்தும் திரைக்கலைப் படிப்பு போன்றவற்றின் வழியாக ஒளியும் கேமராவும் பழகலாம்.

படிப்புக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு தமிழர்களுக்குப் புதிதில்லை. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைத் தொழிற்பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படம் கற்பித்தார்கள். அங்கே பயின்ற ஐயாசாமி என்பவர், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு அச்சுப் போடுவதில் துணையாக இருந்தார். டிரைப்பின் பெயர் தெரிந்த அளவுக்கு ஐயாசாமியின் பெயர் நமக்குத் தெரியாமல் போனது எனக்கு எப்போதும் உறுத்தல்.

மாடியறையின் நடுவில் ஒளிப்பலகை. அதற்கு நேர் மேலே, தலைகுப்புறப் பார்க்கும்படி பொருத்திய கேமரா, மேக்ரோ லென்ஸ். ஒருத்தி ஊதுபந்தால் தூசியை ஊதி நெகட்டிவைச் சட்டத்தில் வைக்க, இன்னொருவன் கணினித் திரையில் கூர்மை பார்த்துப் படமெடுக்கிறான். பெரும்பாலும் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவ்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் திரும்பும் அந்த நொடியில் ஒரு முகம் வருகிறது. ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு.

இப்படி வரும் முகங்களில் நிறைய ஐசி படங்கள், அதாவது அடையாள அட்டைக்கு எடுத்தவை. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டை எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளில் கேமராவைப் பார்த்தே இராதவர்கள் அரசாங்கம் கேட்டதற்காக அதன் முன் வந்து நின்றார்கள். "அப்பாவுக்கு அப்ப சோறு போட்டது ஐசிதான்" என்றார் பெரியவர். அடையாள அட்டையின் புதிய வடிவமான மைகாட் 2001இல் வந்தது. இப்போது அதற்கான படத்தைப் பதிவிலாகாவின் முகப்பிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். கடவுச்சீட்டுக்கும் அப்படியே. கடை மெலிந்ததற்கு அவர் சொல்லும் முதல் காரணம் கைபேசி இல்லை, இதுதான்.

சாய்வான மேசை ஒன்று மூலையில் இருந்தது. நடுவில் சதுரமாக வெட்டிப் பால்கண்ணாடி பதித்து, அடியிலிருந்து வெளிச்சம் வர ஒரு கண்ணாடியும் வைத்திருந்தார்கள். டச்சிங் மேசை. நெகட்டிவை அதில் வைத்து, உப்புத்தாளில் தீட்டி ஊசியாக்கிய பென்சிலால் முகத்தின் மேல் நுண்ணிய கோடுகளைப் போடுவார்கள். பென்சில் கரி ஏறிய இடம் நெகட்டிவில் அடர்த்தியாகும். அச்சில் அந்த இடம் வெளுக்கும். கண்ணடிக் கருமை போகும், அம்மைத் தழும்பு போகும், கன்னத்தின் கறுப்பும் குறையும். "ஒண்ணும் பெரிசா கேக்க மாட்டாங்க. கொஞ்சம் செவப்பா போடுங்க தவுக்கேன்னு மட்டும் சொல்வாங்க" என்றார்.

அதைக் கேட்டபோது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் எதிர். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் சட்டகத்தை நிறைத்தால் அவற்றை மட்டுப்படுத்தி, நடுவில் இருக்கும் கறுத்த முகத்தை இருட்டில் தள்ளிவிடும். எனவே முகத்தை அளந்து ஒளி வை, கறுப்பின் மினுமினுப்பு தெரியும்படி பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடு என்கிறார்கள். கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகளாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறத்தவர் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பென்சில் கோடுகள் வலித்ததில் வியப்பில்லை.

ஒருவன் கணினியில் கோடுகளை நீக்கிவிடலாம் என்றான். அந்த மனிதரின் உண்மையான நிறத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகுமே என்பது அவன் வாதம். காடிப்பெட்டியைப் பிரித்து வைத்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் காசு குடுத்து கேட்டு வாங்கின முகம் அது. அத அழிக்க நாம யாரு?" என்றாள். நெடுநேரம் பேசினார்கள். டிரைப்பும் தன் நெகட்டிவ்களில் வண்ணம் பூசி வானத்தில் மேகம் வரவழைத்தவர்தான் என்றேன். கடைசியில் ஒவ்வொரு நெகட்டிவையும் இரண்டு முறை எடுப்பது என்று முடிவானது: ஒன்று அடியிலிருந்து வரும் ஒளியில், மற்றொன்று பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளியில். இரண்டாவதில் பென்சிலின் ஒவ்வொரு கோடும் பளபளக்கிறது. பெரியவர் திரையருகே வந்து பார்த்துவிட்டு, "இது அப்பா கை, இது என் கை" என்று பிரித்துச் சொன்னார். அப்பாவின் கோடுகள் வட்டமாகச் சுழல்பவை, இவருடையவை குறுக்குவெட்டு.

பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த வாக்குவாதம். வரிசையில் ஆள் காத்திருக்க ஐசி படம் எடுத்தவருக்கு அப்படி நின்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. பல்கலைக்கழகம் அந்த நேரத்தைத் தருகிறது. அதை இப்படியொரு மாடியறையில் செலவழிக்கும் பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெகட்டிவ் உறைகளின் எண்களுக்குரிய பெயர்கள் கணக்குப் புத்தகங்களில் இருக்கின்றன, எல்லாம் தமிழில்: ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி, பாக்கி. மாணவர்களில் மூவருக்குத் தமிழ் படிக்க வராது. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவள் காடிப்பெட்டியைப் பிரித்து வைத்த அந்த ஒருத்திதான். அவள் வாசிக்க வாசிக்க மற்றவர்கள் தட்டச்சு செய்கிறார்கள். அவள் இல்லையென்றால் இத்தனை பேரும் வெறும் எண்களாகவே மிஞ்சியிருப்பார்கள்.

மாலையில் வேறொரு அலமாரியைத் திறந்தபோது சாவு வீட்டுப் படங்கள் வந்தன. லயத்து வாசலில் திறந்த பெட்டி, சுற்றிலும் குடும்பம், எல்லோரும் கேமராவைப் பார்த்தபடி. இவற்றை எடுக்கலாமா, குடும்பத்தைக் கேட்காமல் யாருக்காவது காட்டலாமா என்று மாணவர்கள் தயங்கினார்கள். காட்ட வேண்டாம், ஆனால் முதலில் இவற்றைத்தான் எடுக்க வேண்டும் என்றார் பெரியவர். "ஐசிக்கு எடுத்தது சின்னப் படம். அதுவும் தொலைஞ்சிருக்கும். அந்தாளு மொகம் முழுசா இருக்கறது இதுல மட்டும்தான்."

மறுநாள் எடுக்க வேண்டிய வரிசையை அழித்துவிட்டு, அந்த அலமாரியை முதலில் எழுதினார்கள்.