தம்பிக்கு அக்கா எழுதுவது

மதுரை,
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் உன் நூல் மில் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சூப்பர்வைசர் ஆன சந்தோஷம் ஒரு மாசம்கூட நிற்கவில்லை, ராத்திரி முழுக்கக் கத்துகிறேன், பகலெல்லாம் தூங்குகிறேன், இதற்காகத்தான் பிறந்தேனா என்று கேட்டாய். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை, அம்மாவைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியிலும் அதே நினைப்புத்தான்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. ஊரில் நடந்த முகாமில் பார்த்து, அவர்களே பஸ்ஸில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, பைசா வாங்காமல் செய்தார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கண்ணோடு வரிசையாகப் பாட்டிமார்கள். நம் அம்மா, துணிப்பை எங்கே, பை எங்கே என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, இருபது வயதுகூட இருக்காது, பையின் காதைத் தலைமாட்டுக் கம்பியில் முடிந்து, அம்மாவின் கையைப் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தாள். “இங்கதான் பாட்டி இருக்கு, தொட்டுப் பாத்துக்கோங்க” என்றாள். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று ஒவ்வொரு பாட்டியிடமும் காதருகே குனிந்து சொன்னாள். கடைசிப் பாட்டிக்குச் சொன்னபோதும் குரலில் சலிப்பே இல்லை. மேற்பார்க்க யாரும் பக்கத்தில் இல்லை, தம்பி. நான் அதைத்தான் கவனித்தேன்.

அவளைப் போன்ற கிராமத்துப் பெண்களை அங்கே பிளஸ் டூ முடித்ததும் எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி 2006-லேயே காலமாகிவிட்டார். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்திருக்கவே வழியில்லை. ஆனாலும் அவர் நினைத்தபடி அவள் நடக்கிறாள். ஒருவர் நல்ல தலைவரா என்று கேட்டால் இதைத்தான் நான் பார்ப்பேன்.

அவர் நம்ம பக்கத்துக்காரர், எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரம். 1918-ல் பிறந்தவர், ஆற்று மணலில் எழுதிப் படித்தவர். சொந்தத்தில் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சிறுவயதில் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்று நினைத்தார். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் போட்டுவிட்டது. விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார். தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார்.

இதை மன உறுதிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. கண் மருத்துவம் அவர் ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை. ஆசைப்பட்டது கைவிட்டுப் போனபின், மிச்சமிருந்த கைக்கு முடிந்ததை எடுத்துக்கொண்டார். மனசை அதில் வைத்தது அதற்கப்புறம்தான். எதற்காகப் பிறந்தோம் என்று தெரிந்த பிறகுதான் வேலையில் மனசு ஒட்டும் என்று நீ நினைக்கிறாய். அப்படி எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் தங்கை, தங்கை வீட்டுக்காரர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். வீட்டை அடகு வைத்தார்கள். காசு கொடுப்பவர்களிடம் வருவதை வைத்து, கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்த்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்று தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். ஆபரேஷன் அறையில் டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். நர்ஸ் பிள்ளைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பினால் போதும், வேலை தொடரும். யாரையும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்ட வேண்டியதில்லை. விரட்ட வேண்டிய அவசியமே வராதபடி வேலையை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் பையை முடிந்துவைக்க நேரம் கிடைப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மூச்சு முட்ட ஓடுகிறவளால் எப்படி அன்பாக இருக்க முடியும்?

உன் கதைக்கு வருகிறேன். அறுந்த இழையை ஒட்டும் சைடர் வேலைக்குப் புதுசாக வந்த பிள்ளையின் பக்கம் இழை அறுந்துகொண்டே இருந்தது, நீ சத்தம் போட்டாய், மறுநாள் அவள் வரவில்லை என்றாயே. நூற்கும் ஃபிரேமில் ஓடும் டிராவலர் தேய்ந்தாலும் அறும், காற்றில் ஈரம் குறைந்தாலும் அறும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அன்றைக்கு ராத்திரி அந்த ஃபிரேமைப் பார்த்தாயா? பார்த்து, கோளாறு மெஷினில்தான் என்றால் அதை எல்லோர் முன்னாலும் சொல். கோளாறு அவள் கையில் என்றால், பழைய ஆள் ஒருத்தியை இரண்டு நாள் பக்கத்தில் நிறுத்தி ஒட்டக் கற்றுக்கொடுக்கச் சொல். மேனேஜர் புரொடக்ஷன் கேட்பார், தெரியும். அவர் உன்னிடம் காட்டும் கோபம் உன்னோடு நிற்கட்டும், அந்தப் பிள்ளைகளிடம் இறக்காதே. மில்லையே மாற்ற உன்னால் ஆகாது. உன் ஷிப்டில் எட்டு மணி நேரம் உன் கையில் இருக்கிறது, அதில் நிறைய செய்யலாம் என்று நான் மனசார நம்புகிறேன்.

சின்ன வயசில் கடைக்குப் போனால் மிச்சக் காசை எண்ணி வாங்கி, தம்பி தங்கைக்கு ஆளுக்கொரு மிட்டாய் சரியாகப் பங்கு வைப்பாய். அந்தக் குணம் உன்னிடம்தான் இருக்கிறது, யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்குப் போட்டுவருகிறேன். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. வேலைக்கு வராமல் போன அந்தப் பிள்ளை வீடு எங்கே என்று விசாரித்தாயா? ஆள் அனுப்பாதே, நீயே போய்க் கூப்பிடு. வந்தாளா என்று எழுது.

அன்புடன்,
அக்கா