தையல் மிஷினும் பெருந்தமனியும்

தையல் மிஷினுக்கும் பெரிய ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தம் உண்டு!

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் டிபேக்கி கடையில் போய் நைலான் துணி கேட்டார். அது தீர்ந்துபோயிருந்தது, டேக்ரான்தான் கிடைத்தது. அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். எதற்கு? இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி பழுதானால், அந்த இடத்தில் வைத்து இணைப்பதற்குத்தான்.

இந்தக் கதையை நான் சொல்ல நேர்ந்தது, சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். போன வருஷம் அவளுக்குக் காசநோய் கண்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, சோறு இறங்கியது. அவ்வளவுதான், மிச்ச மாத்திரைகள் நூல்கண்டு டப்பாவுக்குள் போய்விட்டன! ஊசி தேடப் போன என் கண்ணில் அவை பட்டன.

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கிருமி ரத்தத்தின் வழியாகவோ, பெருந்தமனியை ஒட்டிய நெறிகட்டியிலிருந்தோ, முதுகெலும்பிலிருந்தோ தமனியின் சுவரை அரிக்கலாம். நைந்த சைக்கிள் டியூப் போல அந்த இடம் புடைத்துக்கொள்ளும். அபூர்வமாக வருவதுதான், ஆனால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட ஒரு நோயாளிக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி லண்டன் சர்ஜன்கள் ராப், ஈஸ்ட்காட் இருவரும் 1955-ல் எழுதினார்கள். இன்று பழுதான பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்குழாய் வைக்கிறார்கள். சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே செலுத்திவிடுகிறார்கள்.

"புதுத் துணி வச்சுத் தச்சாச்சுல்லா? பெறவு மாத்திரை எதுக்கு, தாயி?" என்றாள் பெரியம்மா.

"கரையான் தின்ற உத்தரத்தை மாத்திட்டு, சுவத்திலே புத்தை அப்படியே விட்டா, புது உத்தரம் எத்தனை நாள் நிக்கும், பெரியம்மா?"

அவள் பதில் பேசவில்லை.

விஷயம் அதுதான். எஞ்சிய கிருமி புதுக் குழாயையும் பற்றிக்கொள்ளும். கத்தி பாதி வைத்தியம். மாத்திரை மறு பாதி. சாதாரணக் காசநோய்க்கே வழக்கமாக 6 மாதம் மாத்திரை வேண்டும். தமனியைத் தொட்டுவிட்டால் இன்னும் நீளும். சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது நம் சென்னை ஆராய்ச்சி நிலையம்தான். ஆனால் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும்.

மறுநாளே பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சளியை மறுபடி சோதித்து, மருந்தை மீண்டும் தொடங்கினார்கள்.

வீட்டில் எல்லாருடைய மருந்து வேளையும் நமக்கு நினைவிருக்கும். நம்முடையது மட்டும் மறந்துபோகும். சகோதரிகளே, இருமல் நின்ற நாள் நோய் தீர்ந்த நாள் அல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.