ஓசையின்றி உயரும் அழுத்தம்

நோய்களுள் பெரும்பாலானவை தம் வருகையைத் தாமே அறிவித்துவிடுகின்றன. காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது. பல் சொத்தையானால் இரவில் உறக்கம் கெடுகிறது. காலில் முள் தைத்தால் அடுத்த அடி எடுத்து வைக்க இயலவில்லை. வலியைப் பொறுக்க மாட்டாமல் மனிதன் மருத்துவரை நாடுகிறான். அவ்வகையில் வலியும் ஒரு நன்மையே செய்கிறது. ஆனால், ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் தங்கியிருந்தும் பெரும்பாலும் எந்த வலியையும் தராத நோய் ஒன்று உண்டு. அதுவே உயர் குருதி அழுத்தம்.

பேச்சு வழக்கில் இதனை 'இரத்தக் கொதிப்பு' என்பர். 'பிரஷர்' என்று சொல்வோரும் பலர். இவற்றுள் முதற்பெயர் தவறான எண்ணம் ஒன்றுக்கு இடம் தருகிறது. இந்நோயில் குருதி கொதிப்பதில்லை, சூடேறுவதும் இல்லை. ஆயினும், சினம் மிகுந்தவர்க்கே இது வரும், அமைதியானவரை அணுகாது என்று பலர் நம்புகின்றனர். சினம் எழும்போது அழுத்தம் சற்றே உயர்வதும், சினம் தணிந்தபின் இறங்குவதும் எல்லார்க்கும் இயல்பு. ஓய்ந்திருக்கும் பொழுதும் அழுத்தம் இறங்காமல் உயர்ந்தே நிற்பதுதான் நோய். குரலை உயர்த்திப் பேசியே அறியாத பாட்டிக்கும் அது வரலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உள்ள தண்ணீர், மேல்மாடித் தொட்டிக்குத் தானாகவே ஏறிவிடுவதில்லை. அதனை உந்தித் தள்ள ஓர் எந்திரம் வேண்டும். உடலில் அவ்வேலையைச் செய்வது இதயம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இருக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடித்து, இதயம் அதனைத் தலைமுதல் கால்வரை செலுத்துகிறது. அவ்வாறு பாயும் குருதி, தமனிகளின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தமே குருதி அழுத்தம். அது இல்லையேல் உயிர் இல்லை. அளவு கடந்தால் அதுவே உயிருக்குக் கேடாகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்த அழுத்தத்தை அளக்க மனிதர் நெடுங்காலம் முயன்றனர். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், குதிரையொன்றின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி 8 அடிக்கும் மேலாக உயர்ந்து நின்றது. இதனை அவர் 1733-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மனிதரிடம் இம்முறையைக் கையாள இயலாதன்றோ? 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேற்கையில் காற்றுப்பட்டையைச் சுற்றி, தோலில் ஊசியும் படாமல் அளக்கும் கருவியை அமைத்தார். குருதிக்குப் பதிலாக, மிகவும் கனமான பாதரசம் அக்கருவியில் உயர்ந்து அளவு காட்டியது. இன்றும் குருதி அழுத்தத்தை 'மில்லிமீட்டர் பாதரசம்' என்னும் அலகால் குறிப்பது அதனால்தான். 1905-இல் உருசிய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்கலாம் என்று காட்டினார். பட்டை இறுகியிருக்கும்போது குருதி தடைபட்டு, ஓசை ஏதும் கேட்பதில்லை. காற்றை மெல்ல இறக்கும்போது 'டப், டப்' என்று ஓசை பிறக்கும் இடம் மேல் எண். ஓசை மறையும் இடம் கீழ் எண்.

மேல் எண், இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது உண்டாகும் அழுத்தம். கீழ் எண், இதயம் விரிந்து அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம். வளர்ந்தவர்க்கு 120/80 என்பது நல்ல அளவு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 என்னும் அளவோ அதற்கு மேலோ இருக்குமானால், அதனை உயர் குருதி அழுத்தம் என மருத்துவர் முடிவு செய்வர். இரண்டில் ஏதேனும் ஓர் எண் எல்லையைத் தொட்டாலும் கவனம் தேவை.

உயர்ந்த அழுத்தம் ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. தமனிச் சுவர்கள் தடித்து இறுகுகின்றன. கூடுதல் விசையோடு உழைத்து உழைத்து இதயத்தின் தசை பருத்துப் பின்னர்த் தளர்கிறது. சிறுநீரகங்களின் நுண்குழாய்கள் பழுதடைகின்றன. கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்படுகிறது. மூளைக்குச் செல்லும் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. பலருக்கு அதுவே இந்நோயின் முதல் அறிவிப்பாக அமைந்துவிடுகிறது.

பிலாய் நகரில் நாற்பது ஆண்டுகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று. அவ்வீட்டுத் தாத்தாவுக்கு அழுத்தம் 170/100 என்று தெரியவந்தது. மருத்துவர் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்ளச் சொன்னார். ஆறு மாதம் கழித்து அளந்தபோது 128/82 என இருந்தது. தாத்தாவுக்கு மகிழ்ச்சி. நோய் நீங்கிவிட்டது என்று கருதி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மேசையறையில் மாத்திரை அட்டைகள் அப்படியே கிடப்பதைக் கண்ட பேத்தி, "ஏன் தாத்தா இதைச் சாப்பிடவில்லை?" என்று கேட்டாள். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, அம்மா! நன்றாக இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு?" என்றார் அவர். அவளும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

நான்கு மாதம் சென்றது. ஒருநாள் காலை, காப்பிக் குவளை தாத்தாவின் வலக்கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஏதோ சொல்ல முயன்றார், சொற்கள் குழறின. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையால் உயிர் தப்பியது. பல மாதப் பயிற்சிக்குப் பின் பேச்சும் திரும்பியது. ஆனால் வலக்கை எழுதும் ஆற்றலை மீண்டும் பெறவில்லை. கும்பகோணத்தில் இருந்த தம் அக்காவுக்கு மாதந்தோறும் தம் கையாலேயே கடிதம் எழுதி வந்தவர் அவர். இப்போது அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ணகரமும் னகரமும் இடம் மாறும்போது, பக்கத்தில் அமர்ந்து அவர் திருத்துகிறார்.

தாத்தாவின் எண்ணம் எங்கே பிழைபட்டது? மாத்திரை உட்கொண்டதால்தான் அளவு இறங்கியிருந்தது. குடை பிடித்திருப்பவர் நனையவில்லை என்பதனால் மழை நின்றுவிட்டது என்று பொருளன்று. பெரும்பாலோர்க்கு இந்நோய் கட்டுக்குள் வருமேயன்றி முற்றும் நீங்குவதில்லை. ஆகவே மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டியவை.

இந்நோய்க்கான மருந்து வரலாற்றில் இந்தியாவுக்கும் சிறப்பிடம் உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் நம் நாட்டு மருத்துவத்தில் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேர் குருதி அழுத்தத்தைக் குறைப்பதை நோயாளர்களிடம் ஆராய்ந்து, 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் (British Heart Journal) வெளியிட்டார். உலகம் அதனை வியந்து நோக்கியது. 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் தோன்றியமையால், காலப்போக்கில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. வேராயினும் மாத்திரையாயினும் தாமே எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்கு அவ்வரலாறே சான்று.

மருந்தோடு உணவும் துணை செய்ய வேண்டும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம்மவர் பழமொழி. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பதும் அவர்கள் மொழிந்ததே. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அஃதாவது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குழம்பில் இடும் உப்பு மட்டுமே இக்கணக்கில் அடங்குவதன்று. ஊரிலிருந்து வரும் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றிலும், வடநாட்டுக் கடைகளில் வாங்கும் நம்கீன், அச்சார் ஆகியவற்றிலும் உப்பு நிறைந்துள்ளது. தாய்நாட்டுச் சுவையும் வாழும் ஊரின் சுவையும் ஒரே தட்டில் சேரும்போது உப்பும் இரட்டிப்பாகிறது. காய்கனிகளை மிகுதியாக உண்பதும், நாள்தோறும் விரைந்து நடப்பதும், உடல் எடையைக் காப்பதும், புகையையும் மதுவையும் விலக்குவதும் அழுத்தத்தைக் குறைக்க உதவுவன.

ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குத் தனித்த கவனங்கள் சில உண்டு. குளிர்காலத்தில் குருதி அழுத்தம் பொதுவாகச் சற்று உயரும். தென்னாட்டின் வெம்மைக்குப் பழகிய முதியோர் தில்லியின் மார்கழிக் குளிரில் வந்து தங்கும்போது, அளந்து பார்ப்பது நன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாகப் பல முதியோர்க்கு வீட்டு வாயிலிலேயே மாத்திரை கிடைக்கிறது. அவர்கள் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ புறப்படும்போது, தங்கும் நாள்களுக்கு வேண்டிய மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் பெட்டியில் முதலில் வைக்க வேண்டும். பலகாரம் அதன் பின்னரே.

மொழியும் இங்கே மருந்தாகிறது. இந்தி அறியாத பாட்டி, மருத்துவரிடம் தன் உடல்நிலையைப் பேரப்பிள்ளையின் வாய்வழியே சொல்கிறாள். தலைவலி வேறு, தலைச்சுற்றல் வேறு, மயக்கம் வேறு. கை 'வலிக்கிறது' என்பதற்கும் 'மரத்துப்போகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியாத பிள்ளை மாற்றிச் சொன்னால், மருத்துவரும் மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடும். வீட்டுத் தமிழை நன்கு கற்ற பிள்ளையே அவ்விடத்தில் பாட்டிக்குத் துணை.

அளக்கும் முறையையும் பிள்ளைகள் அறிந்திருக்கலாம். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாகக் காப்பியோ தேநீரோ அருந்தலாகாது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமீது வைக்க வேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது. அரசு நலவாழ்வு மையங்களில் 30 வயது நிரம்பியோர்க்குக் கட்டணமின்றி அளந்து பார்க்கின்றனர். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை திடீரெனத் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சிறிதும் காலம் தாழ்த்தாமல் 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

தாத்தாவையும் பாட்டியையும் கண்டவுடன் பிள்ளைகள் கேட்பது, "நலமா?" என்பதே. அவர்களும் "நலம்" என்றே விடை சொல்வர். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய உடல் அவர்களுக்கு எதையும் சொல்லியிருக்காது. ஆதலின், அக்கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வது நலம்: "கடைசியாக எப்போது அளந்தீர்கள்? இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா?" விடையாகக் கிடைக்கும் எண்களை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதற்குப் பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தே போதும்.